பொல்லாதவள் பெயர் அமிர்தவல்லி

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் போளூரில் பூண்டு பிடுங்கிக் காயவைத்து, தாள் அறுக்கும் வேலை தொடங்கியதும் அமிர்தவல்லிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். தூசியும் புகையும்தான் காரணம் என்று சொல்லி மருமகள் மேனகா சுக்குத் தட்டிப்போட்டுக் காப்பி வைத்துக் கொடுப்பாள். அது காரணமில்லை என்று அவளுக்கும் தெரியும். காலை எட்டு மணிக்குப் பூண்டு வியாபாரி முத்துராஜின் தகரக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை மாமியாரின் வாய் ஓயாது. கை அரிவாளில் இருக்கும், வாய் பாட்டில் இருக்கும்.

கொட்டகையில் பதினைந்து பெண்கள். நடுவில் பூண்டு ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். வேரைச் சீவி, தாளை ஒரு சாண் விட்டு அறுத்து, பெருசு சிறுசு பிரித்துக் கூடையில் போட வேண்டும். கையால் செய்கிற வேலை, மனசுக்கு அதில் சோலி கிடையாது. அதனால் கதை. அங்கே சொல்லப்படுகிற கதைகளில் பாதி, கூடப் பிறந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பொருமுகிற கதைகள். தம்பி தோட்டத்துக் கிணறு ஊறியதைப் பொறுக்காமல் ராவோடு ராவாகத் தூர்க்கப் போன அண்ணன், இருட்டில் தடம் மாறித் தன் கிணற்றையே தூர்த்துவிட்டு வந்த கதையைக் கந்தம்மாள் சொல்வாள். அவளுக்கு இரண்டு அண்ணன்மார். இரண்டு பேர் வீட்டிலும் என்ன நடக்கிறது என்பது அந்தக் கதை எப்போது வருகிறது என்பதை வைத்தே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் நடந்ததை வீட்டில் நடந்தபடி பதினைந்து பேர் நடுவில் சொல்ல முடியாது. கிணற்றை வைத்துச் சொல்லலாம்.

அமிர்தவல்லியின் பாட்டு பேரி மரத்துப் பாட்டு. அக்காளும் தங்கையும் சுனைக்குத் தண்ணீருக்குப் போகிறார்கள். தங்கை வைத்தால் குடம் உடனே நிறைகிறது. அக்காள் வைத்தால் சுனை வற்றிக்கொள்கிறது. மூன்று நாள் பார்க்கிறாள் அக்காள். நாலாம் நாள்,

*முன்னே போறா தங்கச்சி சுமலதா*
*பின்னே போறா பொல்லாத அமிர்தவல்லி*
*குனிஞ்சு தண்ணி மோந்தாளே தங்கச்சி*
*குப்புறத் தள்ளுனாளே கூடப் பொறந்தவ*

தங்கை விழுந்த இடத்தில் ஒரு பேரிக்காய் மரம் முளைக்கிறது. ஊரார் பறிக்க வந்தால் கிளை தாழ்ந்து கொடுக்கிறது. அக்காள் வந்தால் உயர்ந்துகொள்கிறது.

இந்தப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பொல்லாதவளுக்கு என்று தனிப்பெயர் கிடையாது. பாடுகிறவள் தன் பெயரைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும். செத்துப்போகிறவளுக்குத் தன் கூடப் பிறந்தவள் பெயர். இன்னொருத்தியின் அக்காளைப் பொல்லாதவள் என்று யாரும் பாடிவிடக் கூடாது என்பதற்காக எவளோ ஒரு விவரமானவள் வைத்த ஏற்பாடு. அக்காள் தங்கை இல்லாதவள் அந்தப் பாட்டைத் தொடுவதில்லை. இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்த பாட்டு அது. அமிர்தவல்லியின் அம்மா பொன்னுத்தாய், கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தபோது ஆறு வயது மகளோடும் இரண்டு பெட்டியோடும் அதையும் கொண்டுவந்தாள். லயத்தில் மாதுளையாக முளைத்த தங்கை போளூரில் பேரியாக முளைத்தாள். அதைத் தவிர வேறு மாற்றமில்லை. பொன்னுத்தாய் பாடியபோது பொல்லாதவள் பொன்னுத்தாய்தான்.

"எல்லாக் கதையிலயும் மூத்தவளே கெட்டவளா இருக்காளே, அது எப்படிக்கா?" என்று கந்தம்மாள் ஒருமுறை கேட்டாள்.

"கதை கட்டுனவளுக பூராவும் எளையவளுகடி. மூத்தவளுக்குக் கதை கட்ட ஏது நேரம்? தம்பி தங்கச்சிக்கு மூக்குத் தொடைக்கவே பொழுது சரியாப் போயிரும்."

கொட்டகை சிரித்தது. அமிர்தவல்லியும் சிரித்தாள்.

இந்த ஆவணியில், ஒரு திங்கட்கிழமை, மேனகா செல்போனைப் பூண்டுக் கூடைமேல் சாய்த்து வைத்து மாமியார் பாடுவதைப் படம் பிடித்தாள். நல்ல எண்ணத்தில்தான். நல்ல வெளிச்சம், மாமியாரும் அன்றைக்குப் புதுசாக மஞ்சள் ரவிக்கை போட்டிருந்தாள். சுனையில் தள்ளுகிற இடத்தில் கையை நீட்டித் தள்ளியே காட்டினாள். ஒரு நிமிஷத்துக்குமேல் போகாது என்பதால் தள்ளுகிற இடத்தோடு நறுக்கி ஸ்டேட்டஸில் வைத்தாள் மேனகா. மரம் முளைப்பது வரவில்லை. பேர் வைக்கிற முறையைச் சொல்லவும் அதில் இடமில்லை.

மறுநாள் வெள்ளனே பழனியிலிருந்து தங்கை சுமலதாவின் குரல் வந்தது. பேசவில்லை, குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, வீடியோ பாத்தேன். எங்க மாமியாரும் பாத்துட்டாங்க. தெருவுல நாலு பேரு பாத்துட்டாங்க. எம் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, நீ என் பேரச் சொல்லித் தண்ணியில தள்ளிச் சாகடிக்கிற. இப்படி எத்தன வருஷமாக் கொன்னுக்கிட்டு இருக்கே? நீ நலங்குக்கு வர வேணாம். கல்யாணத்துக்கும் வர வேணாம்."

மேனகா அழுதுவிட்டாள். "நான் டெலிட் பண்ணிட்டேன் அத்தை. சத்தியமாப் பண்ணிட்டேன்."

"சரி, விடு. பாடுனது நானு. நீயா பாடுன?" என்றாள் அமிர்தவல்லி. காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கொட்டகையில் அவள் பாடவில்லை, கந்தம்மாள் கிணற்றுக் கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை நலங்கு. வெள்ளிக்கிழமை கல்யாணம். சுமலதாவின் ஒரே மகள் லாவண்யாவுக்கு முதல் மஞ்சள் வைக்க வேண்டியவள் பெரியம்மா. அந்தப் பெண் பிறந்த ஒன்பதாம் நாள் பழனி ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றிக் கைமாற்றி வாங்கியவளும் அவள்தான். பாட்டு முறையைப் போனில் விளக்கிச் சொல்லியிருக்கலாம். பொல்லாதவள் என்று என்னைத்தானே பாடினேன் என்று சொன்னால் முடிந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். எத்தனையோ பாட்டு இருக்க, அந்தப் பாட்டை மட்டும் எதற்கு வருஷம் தப்பாமல் பாடுகிறாய் என்று கேட்பாள். படித்தவள். கேட்பாள்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் சுமலதாவுக்கு எட்டு வயது. கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் இடம். அமிர்தவல்லிக்குப் பதினைந்து. ஐந்தாவதோடு நின்று உருளைக்கிழங்குக் காட்டுக்கும் பூண்டுக் காட்டுக்கும் போய்க்கொண்டிருந்தாள். விடுதியிலிருந்து வந்த தாளில் தட்டு, டம்ளர், பெட்டி, ஸ்வெட்டர் என்று எழுதியிருந்தது. அம்மா கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிவந்தாள். அந்த வீட்டில் கம்பளி நூலில் செய்த முதல் உடுப்பு அது. அடுப்புக்கு மேலே பரணில் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கும். அவற்றுக்குப் பின்னால் அமிர்தவல்லி அதைத் திணித்து வைத்தாள். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் தங்கச்சியைச் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அந்த இடம் தனக்கு வரும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. தங்கச்சிக்கும் இல்லாமல் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆனி மாசத்து மூடுபனியில் சுமலதா பஸ் ஏறினாள். பதினைந்து நாள் கழித்து, காய்ச்சலில் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. அன்றைக்கு அமிர்தவல்லி ஸ்வெட்டரை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "பூண்டுக் கட்டுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சும்மா" என்றாள். அம்மா அவளைப் பார்த்தாள். ஸ்வெட்டரோடு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் பூண்டு அறுப்பில் அமிர்தவல்லி முதல்முறையாகப் பேரி மரத்துப் பாட்டைத் தானே பாடினாள். தன் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் உடையவில்லை, கூடுதல் சத்தமாகத்தான் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது போல இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும்.

புதன்கிழமை கொட்டகையில் கந்தம்மாள் அவள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி வைத்தாள்.

"ஏக்கா, நீ போ. கழுத்தப் புடிச்சுத் தள்ளுனா திரும்பி வா. அவளும் ஒரு தடவ தள்ளட்டும், கணக்கு நேராப் போகும்."

"வர வேணாம்னு சொன்ன வீட்டுக்கு எப்படிடி போறது?"

"பஸ்ஸுலதான்."

வியாழக்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போய், அங்கிருந்து பழனி பஸ் ஏறினாள். மடியில் துணிப்பை. அதில் லாவண்யாவுக்கு ஒரு பட்டுச்சேலை, பெரிய பூண்டாகப் பொறுக்கிக் கட்டிய ஒரு கட்டு. பெருமாள்மலை தாண்டி இறங்க இறங்கக் காற்று சூடாயிற்று. பாதி மலையில் தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்தாள், அடுத்த வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினாள். பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"மலைப்பூண்டு" என்றாள் அமிர்தவல்லி, மன்னிப்புக் கேட்பது போல.

"தெரியுதுங்க. பழனி வரைக்கும் வாடை தெரியும்" என்றாள் அவள்.

சுமலதாவின் வீடு அடிவாரத்துக்கு இரண்டு தெரு தள்ளி. புருஷன் சிவமுருகனுக்குப் பூசைச் சாமான் கடை, அவள் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுமலதாவின் மாமியார் விசாலாட்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லியைப் பார்த்ததும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான எம் மருமகளத் தண்ணியில தள்ளுனவ?"

"ஆமாங்க அத்தை."

"நல்லாத்தான் தள்ளுற. கைய வீசித் தள்ளுற. நானும் நாலு தடவ பாத்தேன்." கொஞ்சம் நகர்ந்து வழி விட்டாள். "மாடியில இருக்கா. கோவமாத்தான் இருக்கா. கால அலம்பிட்டுப் போ. இந்த வீட்டுல வச்சு அந்தப் பாட்ட மட்டும் எடுத்துறாத, தாயே. பொண்ணு மணையில உக்காரப் போறா."

மாடி அறையில் சுமலதா தரையில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளுக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்பறம்?"

"பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்."

சுமலதா ஒரு தேங்காயை எடுத்து, குடுமியைப் பார்த்து, மறுபடி கீழே வைத்தாள். அமிர்தவல்லி கதவோரமாகவே உட்கார்ந்தாள். பையிலிருந்து பூண்டுக் கட்டை எடுத்து நடுவில் வைத்தாள்.

"அந்தப் பாட்டுல பொல்லாதவ யாருன்னு பாத்தியா? நானு. பாடுறவதான் பொல்லாதவளா இருக்கணும். அம்மா பாடுறப்ப அம்மா பேரு வரும்ல, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அம்மா என்னத்துக்குத் தன்னையே வைஞ்சுக்கிருதுன்னு நெனப்பேன். அம்மா யாருக்கு என்ன பொல்லாப்புச் செஞ்சுச்சு?"

"யாருக்குத் தெரியும்? அதுக்கும் ஒரு தங்கச்சி கண்டியிலயே நின்னுபோச்சு. என்ன நடந்துச்சோ."

அமிர்தவல்லி சேலைத் தலைப்பைச் சுருட்டி விரித்தாள். பிறகு, மலையிலிருந்து இறங்குகிற ஐந்து மணி நேரமும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"செவப்பு ஸ்வெட்டர நான்தான் ஒளிச்சு வச்சேன். விழுந்து கெடக்கல. நான்தான்."

"தெரியும்" என்றாள் சுமலதா.

"என்ன தெரியும்?"

"அம்மா கொண்டாந்து குடுத்துச்சுல்ல. பூரா பூண்டு வாடை, பொகை வாடை. பரணுல தானா விழுந்தா பதினஞ்சு நாளு யாரு கண்ணுலயும் படாமயா கெடக்கும்? விடுதியில எனக்குப் பேரே பூண்டு. மூணு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாளுக." அவள் குரலில் இப்போது கோபம் வேறு மாதிரி இருந்தது. "தொவைக்கக் குடுக்க மாட்டேன் நானு. சிஸ்டர் திட்டுவாங்க. படுக்கும்போது மூஞ்சி மேல போட்டுக்குவேன். வீட்டு அடுப்படியிலயே படுத்துக்கெடக்குற மாதிரி இருக்கும். அது இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

அமிர்தவல்லி நடுவில் கிடந்த பூண்டுக் கட்டைப் பார்த்தாள்.

"நீ ஒளிச்சு வச்சதுக்கா எனக்குக் கோவம்?" என்றாள் சுமலதா. "போளூருல ஒரு கொட்டகைச் சனத்துக்கு வருஷா வருஷம் பாடிச் சொல்லியிருக்கே. நான் ஒருத்திதான கேக்கணும் அத? எங்கிட்ட எத்தன தடவ வந்து, சோறு தின்னுட்டு, பஞ்சாமிருதம் வாங்கிட்டுப் போயிருக்கே? ஒரு தடவ வாயத் தெறந்தியா? ஒன் மருமக போட்ட படத்துல பாத்துத் தெரிஞ்சுக்கணுமா நானு?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"கெளை ஒசந்து போயிருமோன்னு."

சுமலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பூண்டுக் கட்டை அவிழ்த்து, பாதியை அக்காள் பக்கம் தள்ளினாள்.

"உரி. ராத்திரி ரசத்துக்குப் பூண்டு பத்தாதுன்னு சமையக்காரரு கத்திக்கிட்டு இருக்காரு."

இருவரும் உரித்தார்கள். அக்காள் ஒரு பூண்டு உரித்து முடிக்கும்போது தங்கை இரண்டு பல்தான் உரித்திருந்தாள்.

"நகத்த அப்படி வைக்காதடி. அடியில ஒரு நசுக்கு நசுக்கு, தானா கழலும்."

"டீச்சருக்கே பாடம் எடுக்குறியா?" ஒரு பல்லை உரித்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் சொன்னாள்: "நீ என் படிப்பப் பாத்து வயிறெரிஞ்ச. நான் எத நெனச்சு எரிஞ்சேன்னு தெரியுமா? விடுதியில மத்த பிள்ளைகளுக்கு லீவு முடிஞ்சா அழுகை வரும். எனக்கு லீவு வந்தாத்தான் அழுகை வரும். வீட்டுக்கு வந்தா நீயும் அம்மாவும் ஒரே போர்வையில படுத்துக்கெடப்பீங்க. எனக்குத் தனிப்பாய் போட்டு வச்சிருப்பீங்க, விருந்தாளி மாதிரி. நீ செத்துப்போயிட்டா அந்தப் போர்வைக்குள்ள எனக்கு எடம் கெடைக்கும்னு ஒரு நாளு நெனச்சிருக்கேன். ஒன்பது வயசுல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அதனால இப்ப நான் பாடுறேன். ஒரு தடவ. நீ வாயத் தொறக்காத."

"உங்க மாமியா வேணாம்னு சொன்னாங்கடி."

"ஒன்னைய எடுக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? என்னையச் சொல்லலையே."

சுமலதா சின்னக் குரலில் எடுத்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற குரல். அடி பிசகிப் பிசகி வந்தது. சுனை வந்தது, குடம் நிறைந்தது, வற்றியது. முறைப்படி பாடினாள். பொல்லாதவள் சுமலதா. முன்னே போகிறவள் அமிர்தவல்லி. *குனிஞ்சு தண்ணி மோந்தாளே* வரைக்கும் வந்து நின்றுவிட்டாள்.

"அப்பறம் என்ன?"

"குப்புறத் தள்ளுனாளே" என்று எடுத்துக்கொடுத்தாள் அமிர்தவல்லி.

"குப்புறத் தள்ளுனாளே…"

"கூடப் பொறந்தவ."

"அவசரப்படுத்தாத. சாகுறதுக்கு இம்புட்டு அவசரமா ஒனக்கு?"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க அமிர்தவல்லி தலைப்பை வாயில் வைத்தாள், பூண்டு உரித்த விரல் கண்ணில் பட்டு நீர் கொட்டியது. கீழே மாடிப்படிப் பக்கமிருந்து விசாலாட்சியின் குரல் வந்தது.

"அங்க என்ன பாட்டுச் சத்தம்? இப்ப யாரத் தள்ளுறீங்க?"

"என்னையத்தான் அத்தை!" என்று கத்தினாள் அமிர்தவல்லி.

விசாலாட்சி கீழே இருந்தபடியே பதில் கொடுத்தாள்.

"சரி, தள்ளிட்டு வெரசா எறங்கி வாங்க. நலங்குக்கு நேரமாச்சுல்ல."

மரம் முளைப்பது பாக்கி இருந்தது. கிளைப் பாட்டும் பாக்கி. உரித்த பூண்டைச் சமையல்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அமிர்தவல்லி புளியைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். சோப்புப் போட்டு ஒருமுறை, மறுபடி புளி போட்டு ஒருமுறை. போகாது என்று அவளுக்குத் தெரியும். அறுப்புக் காலத்தில் அது தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், புரட்டாசி வரைக்கும் இறங்காது.

லாவண்யா மணையில் உட்கார்ந்திருந்தாள். பழனிப் பெண்கள் சுற்றி நின்றார்கள். சிலர் அமிர்தவல்லியை அடையாளம் கண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். சுமலதா மஞ்சள் தட்டைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் முன்னால், அக்காளின் கைக்கு நேராக நீட்டினாள்.

"பெரியம்மா, எப்ப வந்தீங்க? வரமாட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க" என்றாள் லாவண்யா.

"பொய் சொன்னேன்" என்றாள் சுமலதா.

அமிர்தவல்லி மஞ்சளைக் குழைத்து லாவண்யாவின் ஒரு கன்னத்தில் வைத்தாள், பிறகு மறு கன்னத்தில். பெண் மூக்கைச் சுருக்கினாள்.

"ஐயோ பெரியம்மா, கையில பூண்டு வாடை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அமிர்தவல்லி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சுமலதா அந்த மணிக்கட்டைப் பிடித்து, மகளின் கன்னத்திலேயே திரும்ப அழுத்தி வைத்தாள்.

"அப்படித்தான் இருக்கும். மூச்ச நல்லா இழுத்துக்க."